கை ஓய்ந்த நேரம்

செவ்வாய், காலை 6.40. தாணுமாலயனின் இடது கை செத்துக் கிடந்தது. ஆள் உயிரோடுதான் இருந்தார்.

டயாலிசிஸ் பிரிவின் சிஸ்டர் குளோரி அவர் முன்கையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த ஃபிஸ்டுலா அது. எப்போதும் வண்டுபோல இரைந்துகொண்டிருக்கும். இன்று சத்தமே இல்லை. இயந்திரத்துக்கு இரத்தம் எடுக்க அவர் உடம்பில் மிச்சமிருந்த ஒரே வழி. குளோரி டாக்டரைக் கூப்பிட்டாள்.

6.50. டாக்டர் குமாரதாஸ் வந்தார்.

"எப்ப நின்னுது? இன்னைக்குன்னா திருவனந்தபுரத்துல அடைச்ச ரத்தக் கட்டிய எடுத்திரலாம். சனிக்கிழமையே நின்னிருந்தா சர்ஜன் தொடமாட்டாரு."

எல்லார் கண்ணும் டெக்னீஷியன் ஜெபிஷ் மேல் போனது. சனிக்கிழமை ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டவன் அவன்.

"இறுக்கிக் கட்டல சிஸ்டர். சத்தம் கேட்டுட்டுத்தான் அனுப்பினேன்."

"அதுக்குப் பிறவு நீங்க கேட்டியளாக்கா?" குளோரி, தாணுமாலயனின் மனைவி தாணம்மாளிடம் திரும்பினாள்.

"இல்ல." அவள் வேகமாகத் தலையாட்டியதில் ஏழு கல் கம்மல் மின்னியது.

மூன்று நாள் நீர் தேங்கி தாணுமாலயனின் கை ஊதியிருந்தது. தையலோரம் சின்னச் சின்னப் புள்ளிகள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு.

"பிளாஸ்டர் அலர்ஜி," என்றார் டாக்டர்.

குளோரி அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்து, மெதுவாக நிரம்பியது.

7.05. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தாணம்மாளை உட்காரவைத்தாள்.

"அலர்ஜின்னா தடிக்கும் டாக்டர், இந்தப் புள்ளி மாதிரி குழியாது. நீர் கோத்த கையில பதிஞ்சது கொஞ்ச நேரம் நிக்கும், மூணு நாள் நிக்காது. இது இன்னைக்கு விழுந்த தடம். கம்மல் தடம். அக்கா, ஒங்கள யாரும் ஏசமாட்டோம். நேரத்த மட்டும் சொல்லுங்க."

தாணம்மாள் உடைந்தாள்.

"தெனமும் ராத்திரி காத வச்சுக் கேப்பேன் சிஸ்டர். கேட்டாத்தான் மனசு அடங்கும். இன்னைக்கு வெளுப்புக்கு நாலு மணிக்கும் கேட்டுது. அப்பிடியே கைமேல ஒறங்கிட்டேன். அஞ்சரைக்கு முழிச்சா ஒண்ணும் கேக்கல. நானே கொன்னுட்டேனேன்னு பயந்துதான் பொய் சொன்னேன்."

நாலு மணிக்கு ஃபிஸ்டுலா உயிரோடு இருந்திருக்கிறது. டாக்டர் அப்போதே போனை எடுத்தார். ஜெபிஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தான்.

"அவமேல பழி போடாதிய," என்றார் தாணுமாலயன். "கை மரத்தப்பவே நான் முழிச்சாச்சு."

"எழுப்பியிருக்கலாமே அண்ணாச்சி?"

"ஆறு மாசமா அவ ஒருநாளும் நல்லா ஒறங்கல, சிஸ்டர். எழுப்ப மனசு வரல."