பாதி உருண்டை

முன்னோருக்குப் படையல் வைக்கும் சிங்மிங் நாளுக்கு, அம்மாவின் சாம்பலைப் புதைத்த குன்றுக் கல்லறைக்குப் போய்விட்டு வந்தால், மறுநாள் காலை ஏழரை பஸ்ஸில் நிங்போ நகரத்துக்குப் போய்விடலாம். அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை சொல்லியிருந்தார்கள். ஐம்பத்தொரு வயதில் நான் கேட்டது அவ்வளவுதான்: யாரும் என்னைக் கூப்பிடாத ஓர் அறை, அதில் ஒரு கட்டில், ஒரு முழுத் தூக்கம்.

பக்கவாதம் வந்து படுத்த அம்மாவை நான்கு வருடம் பார்த்துக்கொண்டேன். எவர்சில்வர் கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டித்தான் கூப்பிடுவாள். மூன்று தட்டு. குளிக்கும்போது, சாப்பிடும்போது, கண் அசரும்போது. சர்க்கரை வேறு ஏகத்துக்கும் இருந்தது. வசந்தம் பிறந்து, சந்து முனையில் ஃபாங் அக்கா மாசிபத்திரிக் கீரையை இடித்து ஒட்டரிசி மாவில் பிசைய ஆரம்பித்துவிட்டால், அந்தப் பச்சை வாசனைக்கே அம்மா தலையைத் தூக்கிவிடுவாள். உள்ளே இனிப்புப் பயறு வைத்த உருண்டைதான் வேண்டும். நான் ஒன்றைப் பிய்த்துப் பாதியை அவள் வாயில் வைப்பேன். மீதியை, அவள் கண்ணில் படாமல் போகட்டும் என்று, என் வாயில் போட்டுக்கொள்வேன்.

"பாதிதானா?" என்பாள், ஒவ்வொரு வருடமும்.

"அடுத்த வருஷம் முழுசா தர்றேம்மா."

அடுத்த வருடம் அவள் இல்லை.

அன்று தூறல். ஃபாங் அக்காவும் துணைக்குக் குன்று ஏறினாள். அவளே செய்த பத்து உருண்டைகள், சுடச்சுட, வாழையிலை நிறத்தில். கல்லறைக் கல்லின் முன் தட்டை வைத்து மூன்று ஊதுவத்தி கொளுத்தினேன். வத்தி எரிந்து தணியும்வரை படையலை யாரும் தொடக் கூடாது. இறந்தவர் சாப்பிட்ட பிறகுதான் இருப்பவர் சாப்பிட வேண்டும். எங்கள் ஊரில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். ஆனால் கைக்குத் தெரியவில்லை. ஓர் உருண்டையை எடுத்துப் பிய்த்தது. பாதியைத் தட்டில் வைத்தது. மீதியை என் வாயில் போட்டது.

"அடிப் பாவி! என்னடி பண்ணிட்டே?" ஃபாங் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

நான் விழுங்கியிருந்தேன்.

மூன்று ஊதுவத்திகளும் ஒன்றாக அணைந்தன. தூறலாக இருக்கும் என்று நினைத்தேன். திரும்பக் கொளுத்தியும் பிடிக்கவில்லை.

"அவங்களுக்கு முன்னாடி தின்னுட்டியே. மிச்சத்தைக் கேட்டு வருவாங்க."

"வரட்டும் அக்கா. நாலு வருஷமா அவங்க கூப்பிட்டா நான்தானே போய்க்கிட்டிருந்தேன்."

"வாயைப் பாரு! கேட்டா குடுத்துடு, தெரியுதா? பேசிக்கிட்டு நிக்காதே."

மற்ற ஒன்பதையும் பொட்டலம் கட்டிக்கொண்டு இறங்கினோம். பாதி உருண்டையை அங்கேயே விட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மதியம் இரண்டு மணி. பெட்டியில் நான்கைந்து உடுப்புகளை அடுக்கி மூடினேன். பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு நனைந்த துணியோடு அப்படியே சாய்ந்தேன். உடம்பு அடித்துப்போட்டதுபோல் கிடந்தது. கண் சொருகியது.

டக்.

டக். டக்.

பக்கத்து அறை. அம்மாவின் கட்டிலைப் போன மாதமே பழைய சாமான்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த அறையில் ஒன்றுமே இல்லை.

டக். டக். டக்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. "இதோ வர்றேன்" என்று எழுந்துகூட நின்றுவிட்டேன். பிறகுதான் அந்த அறை காலி என்பது உறைத்தது.

கதவிடுக்கிலிருந்து ஈர மண் வாசனையும் அணைந்த ஊதுவத்தி வாசனையும் வந்தன. கதவைத் திறந்தேன். உள்ளே பகல் வெளிச்சம் இருந்தது. கட்டில் இருந்த இடத்தில், தரையின் தூசி மட்டும் ஓர் ஆள் நீளத்துக்கு அழுந்தியிருந்தது.

"பாதிதானா?"

காதுக்கு வெகு அருகில். அவ்வளவு மெல்ல.

பொட்டலத்தை அவிழ்த்து அந்தத் தூசியின் தலைமாட்டில் வைத்தேன்.

"ஒன்பதும் முழுசும்மா. எல்லாம் உனக்குத்தான். சாப்பிட்டுட்டு என்னை விட்டுடு. நாளைக்குக் காலையில நான் ஊருக்குப் போறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். உள்ளே பல்லில்லாத வாய் ஒட்டும் மாவை மெல்லும் சத்தம் கேட்டது. நெடுநேரம். இடையில் ஒரு திருப்தியான மூச்சு. அந்த மூச்சைக் கேட்க நான்கு வருடம் ஏங்கியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அழுதபடியே, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனேன்.

விழித்தபோது விடிந்திருந்தது. பல வருடங்களில், தட்டுகிற சத்தம் கேட்டதுபோல் நடுவில் திடுக்கிட்டு விழிக்காத முதல் தூக்கம். அறையைத் திறந்து பார்த்தேன். பொட்டல இலை காலியாக இருந்தது, நக்கித் துடைத்ததுபோல். சரி, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். மனசு லேசாகிவிட்டது. முகம் கழுவிக்கொண்டு, சீப்பை வைக்கப் பெட்டியைத் திறந்தேன்.

என் உடுப்புகள் ஓர் ஓரமாக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தன. இன்னொருவருக்கு இடம் விட்டதுபோல். அந்த இடத்தில் ஒரு ஜோடி கறுப்புத் துணிச் செருப்பு. தகனத்துக்கு அனுப்புமுன் நானே அம்மாவின் காலில் மாட்டிவிட்டது.

அடிப்பாகம் முழுக்க ஈரச் செம்மண். குன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர். அம்மா நடந்தே வந்திருக்கிறாள்.