முப்பத்தெட்டு விநாடி

பிற்பகல் இரண்டு மணிக்கு நாங்கள் அந்தப் பழைய நீர்த்தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம். மேலே பார்த்தால் புல் வளர்ந்த வெறும் மேடு. நடுவில் ஓர் இரும்பு மூடி. அதற்கு அடியில்தான் ஒரு காலத்தில் ஊர் முழுவதற்குமான குடிநீர் இருந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தொட்டி காலி.

அத்தானுக்கு இப்படிப்பட்ட இடங்கள் என்றால் உயிர். அவர் டிராம்போன் வாசிப்பவர். மேடைக் கச்சேரிகளை விட்டுவிட்டு, பழைய சிறை, மூடிய ஆலை, தானியக் கிடங்கு என்று தேடிப் போய் ஒற்றைச் சுரத்தை ஊதுவார். சுவர் என்ன பதில் சொல்கிறது என்று காத்திருப்பார். அதுதான் அவருடைய இசை. பதிவு செய்வது என் வேலை.

"உங்க அக்கா என்னைக் கட்டிக்கிட்டா, நான் கட்டடத்தைக் கட்டிக்கிட்டேன்" என்பார். அக்கா காதில் விழும்படிதான் சொல்வார்.

தொட்டியின் காவல்காரர் மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"நீங்க வரலையா?" என்று கேட்டேன்.

"நான் இறங்க மாட்டேம்மா."

"ஏன், யாராவது விழுந்து செத்திருக்காங்களா?" என்று அத்தான் சிரித்தார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. செத்திருந்தாக்கூட இன்னார்னு தெரிஞ்சிருக்கும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் கேட்கவில்லை.

இரும்புப் படிகள் சுவரை ஒட்டி இறங்கி, பாதியில் திரும்பின. அந்தத் திருப்பம் வரைதான் பகல் வெளிச்சம் வந்தது. அதற்குப் பிறகு அத்தான் கையிலிருந்த விளக்கு ஒன்றே துணை. ஈரச் சுண்ணாம்பும் துருவும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. கீழே கணுக்கால் அளவுக்குக் கசிந்து தேங்கிய தண்ணீர். வரிசை வரிசையாகச் செங்கல் தூண்கள். விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் தூண்களுக்குப் பின்னால் இன்னும் தூண்கள்.

படியின் அடியில், தண்ணீர் படாத ஒரு திட்டில் ரெக்கார்டரை வைத்து மைக்குகளைப் பொருத்தினேன். எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்க, அத்தான் ஒரு பலூனை ஊதி உடைத்தார். அந்த 'டப்' வெடித்துச் சிதறித் தூண்களுக்குள் ஓடியது, திரும்பியது, மெலிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முப்பத்தெட்டு விநாடி" என்றேன்.

"முப்பத்தெட்டா!" குழந்தைக்குப் பொம்மை கிடைத்ததுபோல அவர் முகம் மலர்ந்தது. "ஒரு சுரம் போதும் வாலு. மிச்சத்தை இதுவே பாத்துக்கும்."

முதல் சுரத்தை ஊதினார். தாழ்ந்த, நீண்ட சுரம். நெஞ்செலும்பில் அது அதிர்ந்தது. முப்பத்தெட்டு விநாடி கழித்து அடங்கியது. கைகாட்டினேன்.

அப்போது தொலைவில் அதே சுரம் மறுபடி எழுந்தது.

அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்டார். "எதிரொலி இல்ல இது. கொஞ்சம் இறங்கியிருக்கு பாரு. நான் இப்படி ஊதல."

"குழாய் எதுலயாவது காத்து போகுதோ?"

"இருக்கும்."

மறுபடி ஊதினார். மறுபடி அடங்கியது. மறுபடி எழுந்தது. இந்த முறை இறக்கம் குறைந்திருந்தது. மூன்றாவது முறை அச்சு அசலாக அவருடைய சுரம். நுனியில் அவருக்கே உரிய அந்தச் சின்ன நடுக்கம்கூட இருந்தது.

அத்தான் டிராம்போனை மடியில் வைத்துவிட்டார்.

"சும்மா இருப்போம். வெறும் அமைதியைப் பதிவு பண்ணு" என்று கிசுகிசுத்தார்.

ஹெட்போனில் தண்ணீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது.

பிறகு மூச்சு.

வாசிப்பவர் வாத்தியத்தை உதட்டில் வைக்கும்முன் வயிறு நிறைய இழுக்கும் மூச்சு. என் வலது காதுக்குள், மிகக் கிட்டத்தில் கேட்டது.

அத்தான் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் வாய் மூடியிருந்தது.

சுரம் வந்தது.

அது அடங்கும் வரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். அடங்கியதும், தூண்களுக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. முதல் எழுத்து தேவைக்கு அதிகமாக இழுபட்டிருந்தது, பேசக் கற்றுக்கொள்பவர் பேசுவதுபோல.

"அ...த்தான், கையைக் குடுங்க!"

அது என் குரல்.

அத்தான் என் உதடுகளையே பார்த்தார்.

"நான் பேசலை அத்தான்" என்றேன் முணுமுணுப்பாக. "இன்னைக்கு நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்ல."

"தெரியும். கிளம்பு."

"நான் இனிமேதான் சொல்லப்போறேனா? அப்போ உங்களுக்கு ஏதோ..."

"வாயை மூடு வாலு. கிளம்பு."

மைக், ரெக்கார்டர், டிராம்போன் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் படியேறினோம். நான் முன்னால், அவர் விளக்கோடு பின்னால். கைக்குட்டையை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டேன். அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்தால் அது நடக்காது. என் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

திருப்பத்துக்குச் சில படிகள் இருக்கும்போது பின்னால் இரும்பு கிறீச்சிட்டது. அத்தானின் காலடியில் படி பெயர்ந்துவிட்டது. விளக்கு தெறித்துக் கீழே போய் விழுந்து அணைந்தது.

"வாலு!"

கைப்பிடியில் அவர் தொங்குவது சத்தத்தில் தெரிந்தது. இருட்டில் எதுவும் தெரியவில்லை.

"எங்கே இருக்கே? ஒரு கையாலதான் பிடிச்சிருக்கேன். எந்தப் பக்கம் இருக்கே, சொல்லு!"

நான் சொல்லவில்லை.

வாய் திறந்தால் அவர் விழுந்துவிடுவார் என்று நம்பினேன். படியில் குப்புறப் படுத்து, ஒரு கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, மற்றக் கையைக் கீழே நீட்டித் துழாவினேன்.

ஒரு கை என் கையைப் பிடித்தது.

ஈரமான கை, சில்லென்று. அப்பாடா என்று இருந்தது. கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். கை லேசாக மேலே வந்தது.

அதில் எடையே இல்லை.

அப்போது எனக்கு இடப்பக்கம், படியே இல்லாத வெற்று வெளியிலிருந்து, தெளிவாக, கொஞ்சமும் பிசகாமல் என் குரல் கேட்டது.

"அத்தான், கையைக் குடுங்க!"

"இதோ..." என்றார் அத்தான். அந்த ஒரு சொல்லில் எத்தனை நிம்மதி!

கைக்குட்டையைத் துப்பிவிட்டு அலறினேன். அதற்குள் அவர் விழுந்துவிட்டார்.

அவருடைய கத்தல் தூண்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. முப்பத்தெட்டு விநாடி. அது அடங்கும் வரை அந்தக் கை என்னை விடவில்லை. அடங்கியதும் நன்றி சொல்வதுபோல ஒரு முறை மெல்ல அழுத்திவிட்டு, விரல் விரலாக விட்டது.

காவல்காரர் ஆட்களைக் கூட்டி வந்தார். இறங்க மாட்டேன் என்றவர், அன்று முதல் ஆளாக இறங்கினார். அத்தானைத் தூளி கட்டி மேலே தூக்கினார்கள். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் இனி அவர் பழையபடி நடக்க முடியாது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

விசாரிக்க வந்தவர்களிடம் காவல்காரர் எனக்காகப் பேசினார். "இந்தம்மா 'கையைக் குடுங்க'ன்னு கூப்பிட்டது மேல வரைக்கும் கேட்டுச்சுங்க. அவங்க மேல தப்பே இல்ல."

அத்தானும் அதையே சொன்னார். "நீ கூப்பிட்ட பக்கம்தான் கையை நீட்டினேன். எட்டலை. விடு, உன் தப்பா?"

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ மட்டும் அங்க இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்டி!"

அவர் விழும்வரை நான் வாயே திறக்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நான் வாய் திறந்திருந்தால் அவர் சரியான பக்கம் கை நீட்டியிருப்பார் என்பதை எப்படிச் சொல்வது?

அத்தானைக் கவனித்துக்கொள்ள அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன். அவருக்குக் கீழ் அறையில் கட்டில். மாடியில் நான். மூன்று வாரம் கழித்துக் காவல்காரர் எங்கள் சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ரெக்கார்டர் பேட்டரி தீரும்வரை ஓடியிருந்தது. ஏழு மணி நேரப் பதிவு.

கேட்காமல் இருந்திருக்கலாம்.

பலூன், சுரங்கள், விழுந்த சத்தம், ஆட்களின் கூச்சல் எல்லாம் இருந்தன. பிறகு இரும்பு மூடி சாத்தப்படும் ஓசை. அதற்கப்புறம் நெடுநேரம் தண்ணீர் சொட்டுவது மட்டும். நிறுத்தப்போனபோது ஒரு குரல் தொடங்கியது.

"வா...லு. மே...ல வா."

கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. மறுபடி. பாடகர்கள் விடியற்காலையில் ஒரே வரியைச் சாதகம் செய்வதுபோல, சலிப்பே இல்லாமல். இழுப்பு குறைந்தது. மூச்சு விடும் இடம் சரியாயிற்று. பேட்டரி தீருவதற்குச் சற்று முன்னால் அது முழுக்க அக்காவின் குரலாகிவிட்டிருந்தது.

அக்கா அந்தத் தொட்டிப் பக்கம் போனதே இல்லை.

பதிவை அழித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அக்கா வேறு அறையிலிருந்து கூப்பிட்டால் நான் பதில் கொடுப்பதில்லை. எழுந்து போய் அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் பேசுகிறேன். "காது மந்தமாயிடுச்சா உனக்கு?" என்று திட்டுகிறாள்.

நேற்று மாலை அத்தானுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"வாலு, மேல வா."

அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "கூப்பிடறா பாரு, போ" என்றார்.

எழுந்து போய் மாடிப்படியில் கால் வைத்தேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் வாசல் கதவு திறந்தது. இரண்டு கையிலும் பையோடு, செருப்பைக் கழற்றிக்கொண்டே அக்கா உள்ளே வந்தாள்.