பதினொரு மணிக்கு வானம் மாறும்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை பதினொரு மணி முதல் நம் வானம் புதுப்பிக்கப்படுகிறது. முப்பத்திரண்டு வருடம் உழைத்த பழைய ரேடார் ஓய்வு பெறுகிறது, புதியது பதவியேற்கிறது. விமான நிலைய இயக்குநர் இதை மூன்று முறை சொல்லிவிட்டார், மூன்றாவது முறை கேமராவுக்காக.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எல்லோரும் கை தட்டினார்கள், மூத்த கட்டுப்பாட்டாளரைத் தவிர. அவர் பழைய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்கு மேலே ஒரு புள்ளி வட்டமடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் புதிய திரையில் அந்த இடம் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

“அது வெறும் எதிரொலி சார்,” என்றாள் பொறியாளர். “புதுசு தானே வடிகட்டிடும். பேய் பிசாசுக்கெல்லாம் அனுமதி கிடையாது.”

“நல்லதும்மா,” என்றார்.

ஒன்பது வருடத்துக்கு முன், இதே நேரம், கொட்டும் மழையில் தபால் விமானத்தை ஓட்டி வந்த தன் தம்பியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, யாரோ ஒரு பெரிய மனிதரின் விமானத்துக்கு முதலில் வழிவிட்டார். தம்பிதானே, கோபித்துக்கொள்ள மாட்டான். வானில் இருக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு குறிப்புச் சீட்டு செருகிய பலகையிலிருந்து, நேரத்தைத் திருத்துவதற்காக அவன் விமானத்தின் சீட்டை உருவினார், போன் அடித்தது, சீட்டைச் சட்டைப்பையில் செருகினார், பணி முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். சீட்டு இல்லையென்றால் விமானமும் இல்லை. தம்பியின் ரேடியோ மழையில் செத்துப்போனது. அடுத்து உட்கார்ந்தவர் திரையில் சுற்றிய புள்ளியை மழையின் எதிரொலி என்று நினைத்தார். அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று அவன் எரிபொருள் தீரும்வரை சுற்றினான். மறுநாள் சட்டையை ஊறப்போட்ட மனைவிதான் அந்தச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

வெளியே வெயில் சுள்ளென்று அடிக்க, அவர் காதுக்கருவிக்குள் மட்டும் மழை இரைந்தது. உப்புத் தண்ணீரில் ஊறிய துணியின் வாடை மூக்கில் ஏறியது. இரைச்சலுக்கு அடியில் அந்தக் குரல்.

“அண்ணா, எறங்கட்டுமா?”

தினமும் கேட்பான். ‘இன்னும் ஒரு சுத்து சுத்துடா’ என்று தினமும் சொல்வார். இறங்கச் சொன்னால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பொறியாளரின் விரல் பழைய சுவிட்சில் இருந்தது. “ஆஃப் பண்ணட்டுமா சார்?”

“ஒரு நிமிஷம்மா.”

“என்னய்யா, டப்பாவுக்கு ஒப்பாரி வைக்கணுமா?” என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள்.

இனி அவனைப் பார்க்க ஒரு திரைகூட இருக்காது. அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

“எறங்குடா கண்ணு. வந்துடு.”

வட்டம் நின்றது. புள்ளி நேரானது. கரையைத் தாண்டியது. ஓடுபாதையைத் தொட்டது.

சுவிட்ச். இருட்டுத் திரை. கைதட்டல்.

கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். விமானம் இல்லை. காய்ந்த தாரில் ஈரம். ஈரத்தின் நடுவே தம்பி.

சட்டை சொட்டியது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். முகத்தில் கோபமே இல்லை. கையை ஆட்டினான். பிறகு, ஒன்பது வருடம் கண் மூடாதவனாய், ஓடுபாதையின் நடுக்கோட்டில், முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் படுத்துவிட்டான். சின்ன வயதில் அண்ணன் பக்கத்தில் அப்படித்தான் தூங்குவான்.

“சார், அடுத்த விமானம் எறங்க அனுமதி கேக்குது. நூத்தி எண்பது பேர்,” என்றாள் பொறியாளர். அவளும் அதே ஓடுபாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “சார்? சொல்லுங்க சார்.”

அவர் கை மைக்கைப் பொத்தியபடியே இருந்தது. வானத்தில் விளக்குகள் தெரிந்தன. பெரிதாகின. தம்பி புரண்டுகூடப் படுக்கவில்லை.

ஓடுபாதை காலி என்று புதிய திரை காட்டியது.