உருண்டை பிடிக்க வராத மண்

மழை விட்ட மறுநாளே வால்டெசிர் டிராக்டரை வயலில் இறக்கிவிட்டார். பக்கத்துப் பண்ணை ஒட்டாசிலியோ மழை விட்ட கையோடு ஈர மண்ணிலேயே விதைத்து முடித்திருந்தார். "என்னப்பா, இன்னும் தூக்கம் கலையலையா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து அவர் கேட்டதுதான் காரணம்.

பிரேசிலின் பரானா மாநிலத்தில் அந்தச் செம்மண்ணை யாரும் உழுவதில்லை. அறுத்த ஓட்ஸ் தாள் போர்வை போல மேலேயே கிடக்கும். விதைக்கும் இயந்திரம் அதை மெல்லக் கீறி, சோயா விதையைப் போட்டு, கீறலை மூடிக்கொண்டே போகும்.

அவருடைய பத்து வயது மகள் ஜன்டீரா பின்னாலேயே நடந்தாள். ஈர மண்ணை உருட்டி நாயின் மேல் எறிந்தாள். கோலிக்குண்டு போல உருண்டை அழகாக வந்தது. அடுத்ததற்குக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கீறல் மூடவே இல்லை! விதைகள் வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன. புறாக்கள் வேறு இறங்கத் தொடங்கியிருந்தன.

"அப்பா, நிறுத்துங்க!" தொப்பியை ஆட்டிக்கொண்டு ஓடினாள்.

"என்னடி? மறுபடி மழை வர்றதுக்குள்ள முடிக்கணும்."

"விதையெல்லாம் வெளியில கிடக்குப்பா. வந்து பாருங்க!"

வால்டெசிர் முணுமுணுத்தபடி இறங்கினார். கீறலுக்குள் விரலை விட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"பூசி மெழுகின மாதிரி இருக்கே! இது காய்ஞ்சா கல்லாயிடும். வேர் எப்படி உள்ள போகும்? திரும்ப விதைக்க வேற விதையும் இல்ல."

"இந்தப் பக்கம் மட்டும்தானேப்பா போட்டிருக்கோம்? மிச்சத்த மண் காஞ்சதும் போடலாம்."

"காஞ்சுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதாம்?"

"உருண்டை பிடிக்க வரலைன்னா காஞ்சாச்சு!"

அப்பா சிரித்துவிட்டார். ஆனாலும் டிராக்டரை வீட்டுக்குத் திருப்பினார்.

மறுநாள் காலையில் தாளை விலக்கி, விதை விழும் ஆழத்திலிருந்து மண்ணை எடுத்து உருட்டினாள். உருண்டை வந்தது. மாலையிலும் வந்தது.

"அப்பாவும் மகளும் மண்ணுல கேக் சுடறீங்களா?" என்று ஒட்டாசிலியோ கேலி செய்தார். மேற்கே மேகம் திரளத் திரள, வால்டெசிருக்கு மாத்தே பானம்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள், ஜன்டீராவின் விரல்களுக்கிடையே மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அப்பா! வரல! உருண்டை வரல!"

டிராக்டர் உறுமியது. இந்த முறை கீறல்கள் தாமாக வாயை மூடிக்கொண்டன. ஜன்டீராவோ முதலில் விதைத்த வரிசைகளுக்குச் சிறு களைக்கொத்தியோடு போனாள். இறுகிய ஓரங்களைக் கொத்தி உதிர்த்து, புறாக்கள் விட்டுவைத்த விதைகளை மூடினாள். கை சிவந்து போயிற்று.

கடைசி வரிசை முடிந்த மாலையில் மழை கொட்டியது.

அடுத்த வாரம் அப்பா அவளைக் கூவி அழைத்தார். தாளை விலக்கிக்கொண்டு, குனிந்த கழுத்தோடு வரிசை வரிசையாகச் சோயா முளைகள். அவள் கொத்தி மூடிய இடத்திலும் ஆங்காங்கே பச்சை எட்டிப் பார்த்தது.

வேலியோரம் ஒட்டாசிலியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என் வயல்ல பாதி வரலையே. அடுத்த தடவை விதைக்கறப்ப உங்க பொண்ணைக் கொஞ்சம் அனுப்புறீங்களா?"

வால்டெசிர் முளைகளின் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, நீளமாக மூச்சு விட்டார்.

"ஜன்டீரா, போய் அந்த மாத்தேய எடுத்துட்டு வா. இப்பதான் தொண்டை திறந்திருக்கு."