நடக்க முடியாதவர்கள்

லீனா இடது காலை இழுத்து நடப்பதை அனுஷா முதலில் பார்க்கவில்லை, கேட்டாள். திங்கட்கிழமை காலை, அடுப்பில் பால் பொங்கி வரும் நேரம். முதுகுக்குப் பின்னால் ஓர் அடி வைக்கும் சத்தம், அதன்பின் ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பதுபோல ஒன்று, மறுபடி ஓர் அடி.

"கால்ல என்ன லீனா?"

"எந்தக் கால்ல?" லீனா குனிந்து இரண்டு கால்களையும் பார்த்தாள். "ஒண்ணுமில்லையே."

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். அடி. இழுப்பு. அடி.

நகரத்தின் ஓரமாக, ஹெப்பகோடியில் அந்த மூன்றாம் மாடி வீட்டை இருவரும் சேர்ந்து எடுத்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மருந்துக் கம்பெனியில், பேக்கிங் பிரிவில் வேலை. லீனா கோலார் தங்கவயல்காரி. வாய் ஓயாமல் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள், எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். போன மாதம் சூப்பர்வைசர் பதவியையும் அவளுக்கே கொடுத்தார்கள். அனுஷா அன்று கேக் வாங்கி வந்து ஊட்டிவிட்டாள். அதன்பின் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

லீனாவின் இடது காலைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. அதை நினைக்க அவள் விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர்கள் வீட்டு ஹாலில் விளையாட்டு நடக்கும். காகிதமும் பகடையும் வைத்து ஆடும் போர் விளையாட்டு. ஆளுக்கு ஒரு சிப்பாய். அந்தச் சிப்பாயாகவே பேச வேண்டும், அவனாகவே முடிவெடுக்க வேண்டும், மிச்சத்தைப் பகடை சொல்லும். நடத்துபவன் ஸ்ரீகண்டன். கம்பெனியில் புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பவன், போர் வரலாற்றுப் பைத்தியம். நான்காவது ஆள் நீலசந்திராவிலிருந்து பைக்கில் வரும் பிரகாஷ்.

முந்தின நாள் ஆட்டத்துக்குக் கற்பனைப் படை வேண்டாம் என்று ஸ்ரீகண்டன் சொல்லிவிட்டான். எண்பது வருடத்துக்கு முன்னால் பர்மாக் காட்டில், ஜப்பானியர்களின் முதுகுக்குப் பின்னால் நுழைந்து பாலங்களைத் தகர்த்த சிறப்புப் படை ஒன்றை எடுத்திருந்தான்.

"நிஜப் படைன்னா ரூல்ஸும் நிஜமா இருக்கணும் குரு," என்றான் மூவரையும் பார்த்து. "நடக்க முடியாதவன யாரும் தூக்க மாட்டாங்க. தூக்கினா எல்லாரும் மாட்டிக்குவாங்க. மரத்தடியில உக்கார வெச்சு, ஒரு பாட்டில் தண்ணி குடுத்துட்டுப் போயிடுவாங்க. லீடர் மனசு வெச்சா ஒரு துப்பாக்கி, ஒரே ஒரு குண்டு. நானா சொல்லல, அவங்க செஞ்சதுதான்."

அனுஷா சுபேதார், படையின் தலைவர். லீனா வயர்லெஸ் இயக்கும் அந்தோணி, வயது இருபது. ஆற்றைக் கடக்கும்போது லீனாவின் பகடையில் ஒன்று விழுந்தது. இடது முழங்காலில் குண்டு.

"தோள் குடுத்தீங்கன்னா வந்துருவேன் சாஹேப்," என்றாள் லீனா, அந்தோணியின் குரலில், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அப்போது அனுஷாவின் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. உண்மையாகவே இனித்தது.

"மரத்தடியில விடுங்க. தண்ணி குடுங்க."

"துப்பாக்கி?" என்று கேட்டான் ஸ்ரீகண்டன்.

"வேணாம். குண்டு நமக்கு வேணும்."

"ஏய் அனு, ரொம்ப ஓவரா போற," என்றான் பிரகாஷ். லீனாவின் சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு அணைந்தது. ஆட்டம் முடிந்து பாயை மடிக்கும்போது அவள் ஸ்ரீகண்டனிடம் கேட்டாள். "அப்போ நான் செத்துட்டேனா?"

"தெரியாது. யாரும் திரும்பிப் பாக்கல இல்ல."

செவ்வாய்க்கிழமை லீனா சுவரைப் பிடித்து நடந்தாள். புதன்கிழமை எழவில்லை. அனுஷா ஆட்டோ பிடித்து அழைத்துப் போனாள். எக்ஸ்-ரேயில் எதுவும் இல்லை. எலும்பு, ஜவ்வு, எல்லாம் சரியாக இருக்கிறது, ஓய்வெடுங்கள் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்து மாடிப்படியில் தாங்கி ஏற்றும்போது லீனாவின் உடம்பு எதிர்பார்த்ததைவிடக் கனத்தது, நனைந்த உடம்பின் கனம்.

அன்று மாலையிலிருந்து வாசனை. முதலில் மழைக்குப் பிந்திய இலைக்குப்பையின் வாசனைதான், ஜன்னல் வழியாக வருகிறது என்று நினைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். வியாழனன்று அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, இனிப்பான, கெட்டியான ஒன்று, பழக்கடை வாசலில் அழுகிப்போன பலாச்சுளையைப் போல. லீனாவின் போர்வையை விலக்கிப் பார்த்தாள். முழங்கால் சுத்தமாக, வழுவழுப்பாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஓர் ஈ அதன் மேல் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தது.

நடிக்கிறாள் என்றுதான் அனுஷா சொல்லிக்கொண்டாள். பழிவாங்குகிறாள். எல்லோரும் பாவம் பார்க்க வேண்டும் இவளுக்கு.

"அம்மாவுக்குப் போன் பண்ணு அனு. என் போன்ல சார்ஜ் இல்ல."

"பண்றேன்."

பண்ணவில்லை. சார்ஜரையும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பும் முன் லீனாவின் கட்டிலருகே ஒரு பாட்டில் தண்ணீர் வைத்தாள். வைத்து நிமிர்ந்தபோதுதான் தான் செய்தது என்னவென்று புரிந்தது. லீனா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"வலியே இல்ல அனு. ஆனா ஒண்ணு சொல்லு. அந்தக் குண்ட ஏன் மிச்சம் புடிச்ச?"

அனுஷா கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினாள். அதன்பின் அந்த அறைக்குள் அவள் போகவில்லை.

ஞாயிறு மதியம் ஸ்ரீகண்டனும் பிரகாஷும் வந்தார்கள். வேண்டாம் என்று ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நான்கு நாளாக அந்த வீட்டில் தனியாக அந்த வாசனையோடு இருந்தவளுக்கு, யாராவது வந்து உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

"லீனா?"

"காய்ச்சல். தூங்கறா."

இருவரும் வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாயை விரித்தார்கள். வெளியே நல்ல வெயில், கீழே பால்கனியில் யாரோ துணி உதறிக் காயப்போடும் சத்தம், தெருமுனையில் குக்கர், லாரி ஒன்றைப் பின்னால் எடுக்கும்போது ஒலிக்கும் பீப். ஸ்ரீகண்டன் வரைபடத்தைப் பரப்பி, படை இரண்டாம் நாளாக மேற்கே நடக்கிறது, மூங்கில் காடு, யாரும் பேசக் கூடாது என்று மெதுவான குரலில் சொல்லத் தொடங்கினான்.

டொக். டொக் டொக்.

லீனாவின் அறைச் சுவரில். நகத்தாலோ டம்ளராலோ தட்டுவதைப்போல.

டொக். டொக் டொக். டொக்.

அனுஷா தலை நிமிர்ந்தாள். இருவரும் வரைபடத்தையே பார்த்தார்கள்.

"லீனா கூப்பிடறா," என்றாள்.

"அந்தோணி," என்றான் பிரகாஷ், நிமிராமல். "வயர்லெஸ் செட்ட நாம எடுத்துட்டு வந்துட்டோம். வெறும் கையால தட்டறான்."

"பிரகாஷ், விளையாடாத. நிஜமா கூப்பிடறா."

"மெதுவா பேசுங்க சாஹேப்." அவன் குரல் கரகரத்திருந்தது, பல நாள் தண்ணீர் இல்லாத தொண்டை. "சத்தம் கேட்டுரும்."

ஸ்ரீகண்டன் பகடையை உருட்டினான். எண்ணைப் பார்க்கவேயில்லை. மறுபடி உருட்டினான். அவன் சட்டைக் காலரின் ஓரமாக ஓர் அட்டை ஊர்ந்தது. கறுப்பாக, கொழுத்து. அவன் அதைத் தட்டிவிடவில்லை.

தட்டும் சத்தம் வேகமானது. பிறகு சீரற்றுப்போனது. பிறகு சுவரில் கீழ்நோக்கி இறங்கியது.

அனுஷா எழுந்தாள். அறைக்குப் பத்து அடிகூட இல்லை. அந்தப் பத்து அடிக்குள் குக்கர் சத்தம் நின்றுபோனது. லாரி நின்றுபோனது. வேறு ஏதோ பூச்சிகள் இரைந்தன. ஆயிரக்கணக்கில்.

கதவைத் தள்ளினாள்.

லீனா கட்டிலில் இல்லை. சுவரோரம் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் நீட்டியபடி. இடது முழங்கால் இருந்த இடத்தில் எறும்புகள், பிளந்த பழத்தில் மொய்ப்பதைப்போல. பாட்டில் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. அவள் உதடுகள் வெடித்திருந்தன. வாய் நிறையக் கறுத்த இலைகள். ஈரத்துக்காக மென்றிருக்கிறாள். விரல் இன்னும் சுவரைத் தட்டியது. விரலில் நகம் இல்லை.

கண்கள் உயிரோடு இருந்தன. அனுஷாவைப் பார்த்தன. லீனாவின் கண்கள்தான். கேக் ஊட்டியபோது கலங்கிய அதே கண்கள்.

"அனு." இலைகளுக்கு நடுவிலிருந்து. "தூக்கு."

ஓடிப்போய்த் தூக்க வேண்டும். கத்த வேண்டும். ஆம்புலன்ஸ். கீழ்வீட்டுக்காரர்கள். லீனாவின் அம்மா. எல்லாம் வரிசையாகத் தெளிவாக அவளுக்குத் தோன்றியது. கால் ஓர் அடி முன்னால் வந்தது.

பின்னால் பாய் சுருட்டும் சத்தம். பைகள் தோளில் ஏறும் சத்தம். வாசல்கதவு திறந்தது. இருவரும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள், முகத்தைத் திருப்பாமல். முன்னே ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தார்கள்.

"நேரமாச்சு சாஹேப்," என்றான் ஸ்ரீகண்டன். "சொல்லுங்க."

லீனா கையை நீட்டினாள்.

இனித்தது. மறுபடியும். போன ஞாயிற்றுக்கிழமையைவிட அதிகமாக.

அனுஷா கதவை மெல்லச் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாளைப் போட்டாள். யாரும் அவள் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. அது தன் கைதான் என்பது நன்றாகத் தெரிந்தது, இரும்பின் குளிர்ச்சிகூடத் தெரிந்தது.

வரிசையின் முன்னால் போய் நின்றாள்.

"நடங்க," என்றாள்.

மூவரும் படியிறங்கினார்கள், ஒரே தாளத்தில். மூன்றாம் மாடியில், தாழிட்ட அறைக்குள், லீனா அனுஷாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள்.