ஊதா, வெள்ளை, பச்சை

"இன்னைக்குச் சாப்பிட்டியாம்மா?" என்று மாடிப்படியில் அந்தப் பெண் என்னைக் கேட்டாள்.

சாம்பல் நிற முரட்டுத் துணி உடை, வெள்ளைத் தொப்பி, இடுப்பில் சாவிக்கொத்து. கையில் துணியால் மூடிய தட்டு. அத்தை உடம்பு சரியில்லாமல் கிடந்த வாரம் அது. டாக்டர் அனுப்பிய தாதி என்று நினைத்தேன். புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"பரவால்ல. உனக்கு அப்புறமா வரேன்."

அன்பான குரல். என்னைத் தாண்டி மேலே போனாள். போனது அவள் ஒருத்திதான். படியில் கேட்டது நாலைந்து பேரின் கனத்த காலணிச் சத்தம்.

இங்கிலாந்தில் போல்டன் என்ற ஊரில் மேபெல் அத்தையின் பழம்பொருள் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். அத்தைக்கு வாய் ஓயாது. பேசுவாள், பேசாத நேரத்தில் எதையாவது மெல்லுவாள். அந்தக் காலத்தில் ஓட்டுரிமை கேட்டுச் சிறைக்குப் போன பெண்களின் சாமான்களுக்கு அப்போது நல்ல கிராக்கி. கொடி, சட்டை ஊசி, தேநீர்க் கோப்பை எதுவானாலும் லண்டனிலிருந்து ஆள் வந்து வாங்கிப் போவார்கள். அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிப் பதக்கம் வந்தது. சிறையில் பட்டினி கிடந்து போராடியவர்களுக்கு அவர்களுடைய சங்கம் கொடுத்தது. வட்டத் தகட்டில் ஹெட்டி ப்ரூம் என்ற பெயர். நாடாவில் வெறும் வெள்ளிப் பட்டை.

"பட்டினி கிடந்திருக்கா, சீக்கிரமே வெளிய விட்டுட்டாங்க போல" என்றாள் அத்தை. "சிறைக்காரிங்க கைய அமுக்கிப் பிடிச்சு, மூக்குல ரப்பர் குழாய் விட்டுப் பாலும் முட்டையும் ஊத்தியிருந்தா ஊதா, வெள்ளை, பச்சைன்னு கலர் பட்டை குடுத்திருப்பாங்க. அதுக்குத்தான்டி விலை."

அப்படியொரு பட்டை பழைய பொத்தான் டப்பா ஒன்றில் தனியாகக் கிடந்தது. யாருடையது என்று தெரியாது. இரண்டு பொருளின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக விற்பதற்கு எங்கள் தொழிலில் கல்யாணம் என்று பேர். அத்தை நிறைய கல்யாணம் பண்ணி வைத்தவள். வெள்ளிப் பட்டையைப் பிரித்தெடுத்துவிட்டு, கலர் பட்டையை நாடாவில் வைத்துத் தைத்தாள்.

"பாவம் ஹெட்டி. அவளுக்குக் கிடைக்காத குழாய நாமளே குடுத்துடுவோம்" என்று சிரித்தபடி நூலைப் பல்லால் கடித்தாள்.

அன்று மாலை உருளைக்கிழங்கு அடைத்துச் சுட்ட பண்டத்தை மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். கடைசியில் கைக்குட்டையில் துப்பினாள்.

"நான் பண்ணது எனக்கே இறங்கலியே. நீ எப்படிடி முழுங்கற?"

மறுநாள் ரொட்டி இறங்கவில்லை. அதற்கு மறுநாள் கஞ்சி. டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அத்தையின் மோதிரம் விரலில் சுழலத் தொடங்கியது. வீட்டில் ஒரு வாடை நுழைந்தது. சுடவைத்த ரப்பர். அதோடு, வெதுவெதுப்பான பாலில் அடித்த பச்சை முட்டை.

படியில் என்னிடம் பேசிய அந்தப் பெண் மேலே போனதும் நானும் பின்னாலேயே போனேன். நடுப்பகல்தான். மழை இருட்டில் அறை கருத்திருந்தது.

உள்ளே அத்தையைத் தவிர யாரும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் நாற்காலிக் கைப்பிடிகளில் அழுந்தியிருந்தன. சட்டைக் கையில் விரல் விரலாகக் குழி.

தலை தானாகப் பின்னால் சாய்ந்தது.

தொண்டை ஏறி இறங்கியது. உள்ளே எதுவோ கொடகொடவென்று போனது. அத்தையின் கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின.

கத்தியிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு சாவிச் சத்தம் என் தோளை உரசியபடி படியிறங்கியது. அத்தையின் மூக்கிலிருந்து பால் சொட்டியது.

"எஸ்மி," மூச்சாகத்தான் வந்தது. "அதப் பிரிச்சுடு."

கத்தரியால் பதக்க நாடாவின் தையலை வெட்டினேன். பட்டை என் உள்ளங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது. பின்பக்கம் 'பலவந்தமாக ஊட்டப்பட்டவள்' என்று பொறித்திருந்தது. பெயர் இல்லை.

மறுநாள் மதியம் அத்தை இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள். பேச்சும் திரும்பிவிட்டது.

"செத்துருப்பேன்டி. லண்டன்காரன் வந்து என்னையும் சேத்து வெலை பேசியிருப்பான். அத எங்க போட்ட, ஆத்துலயா?"

"இல்ல அத்தை. எங்கிட்டதான் இருக்கு." யாரோ ஒருத்தி பட்ட பாடு அது. எறிய மனம் வரவில்லை. ஏப்ரன் பையில் வைத்திருந்தேன்.

அத்தையின் கரண்டி பாதியில் நின்றது.

நான் ரொட்டியைக் கடித்தேன். மென்றேன்.

இறங்கவில்லை.

ரப்பர் வாடை வந்தது. படியில் கனத்த காலணிகள், அவசரமில்லாமல். கதவு திறக்கவில்லை. ஆனாலும் சாவிக்கொத்து என் காதருகே குலுங்கி நின்றது. பையிலிருக்கும் பட்டையை எடுத்து வீசக் கையைத் தூக்கப் பார்த்தேன். கை மேசையிலேயே இருந்தது. என் சட்டைக் கையில் ஒரு குழி விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

நான் அத்தையைப் பார்த்தேன்.

அவளும் அந்தக் குழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது என்ன என்று இந்த ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். என் தலை மெல்லப் பின்னால் சாயத் தொடங்கியது. கண்ணை மட்டும் அவளிடமிருந்து எடுக்கவில்லை.

மேபெல் அத்தை எழுந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். ஆணியில் மாட்டியிருந்த கோட்டையும் கைப்பையையும் எடுத்தாள். ஓயாத அந்த வாய் இறுக மூடியிருந்தது. சுவரோரமாக ஒதுங்கி, யாருக்கோ வழிவிடுவதைப் போல நின்றுவிட்டு, படியிறங்கிப் போனாள்.

கீழே கடைக் கதவின் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது.