ஒரு தோள் அகல இடம்

ஷுன்சாகு பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கடைக்கு, அவர் செத்து நாற்பத்தொன்பதாம் நாள் பூசையும் முடிந்த பிறகுதான் அவர் மனைவி கியோனோ போனாள். கையில் கடல்பாசிப் பெட்டிகள் நிரம்பிய ஒரு பை. துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பதில் மரியாதை செய்தாக வேண்டும். அந்தச் சாக்கு இல்லாவிட்டால் அன்றைக்கும் போயிருப்பாளோ என்னவோ.

ஒசாகாவின் துறைமுக ஓரம் அது. கப்பல் கட்டிய கொட்டகைகளில் இப்போது ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறிவிட்டார்கள். சுவருக்குச் சுவர் ராட்சதப் பூனை, ராட்சத மீன். அவர் வேலை பார்த்த கப்பல் பட்டறையை மூடியதும் புருஷன் இனி வீட்டில் காலை நீட்டி உட்காருவார் என்று கியோனோ கனவு கண்டாள். மனுஷன் அடங்கினால்தானே. சிற்பம் செய்கிற பிள்ளைகளுக்கு இரும்பை ஒட்டவைத்துக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். சாயங்காலமானால் அவர்களோடு ஷியோமி கடையில் நின்று சூடாக சாக்கே என்கிற அரிசி மது குடிப்பது, வீட்டுக்கு வந்து அதைப் பற்றியே பேசுவது.

"நீயும் ஒரு நாள் வாயேன்."

"நின்னுக்கிட்டே குடிக்கிற கடைக்கு எந்தப் பொம்பள வருவா?"

"எல்லாப் பொம்பளையும் வர்றாங்க. நீதான் வரல."

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என்ன தோன்றியதோ, "சரி, இன்னிக்கு வரேன்" என்றாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! குழந்தை மாதிரி வாயெல்லாம் பல். அந்த முகத்துக்காகவே, அன்று மத்தியானம் முடி திருத்துகிற கடைக்குப் போய்த் தலைமுடியைச் சுருட்டிக்கொண்டாள். அங்கே நேரம் இழுத்துவிட்டது. தலையைக் கையால் பொத்திக்கொண்டு வேகவேகமாக வந்தவளை, தெருமுனையிலேயே ஆம்புலன்ஸ் கடந்து போனது. உள்ளே படுத்திருந்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. கடை வாசலில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சுருள் இன்னும் முழுசாகக் கலையவில்லை. வெட்டிவிடவும் மனசு வரவில்லை. நான் வரமாட்டேன் என்று நினைத்துக்கொண்டே செத்தாரா? இந்த ஒன்றுதான் ராவும் பகலும் அவளைத் தின்றது. வந்துகொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விட்டதே.

கதவுக்கு மேல் தொங்கிய துணியை விலக்கிக் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். வெளியே வெயில் இன்னும் இருந்தது. உள்ளே அண்டாவில் முள்ளங்கியும் முட்டையும் கொதித்த ஆவி கண்ணாடியெல்லாம் அப்பியிருந்தது. ஒரே ஒரு நீள மர மேடை. அதற்கு முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள்.

இடமில்லை என்று யாரையும் திருப்பி அனுப்புகிற பழக்கம் அங்கே கிடையாது. கூட்டம் சேர்ந்தால் எல்லாரும் ஒருபக்கமாகத் திரும்பி, ஒரு தோளை மட்டும் மேடைக்குக் கொடுத்து நிற்பார்கள். இன்னொருவர் வந்தால் இன்னும் கொஞ்சம் திரும்புவார்கள். ஷுன்சாகு வீட்டில் நின்று நடித்தே காட்டியிருக்கிறார். அன்றும் அப்படித்தான் நின்றார்கள். ஆனால் மேடையின் நடுவில், ஒருவர் தாராளமாக நிற்கும்படி ஓர் இடம் காலியாக இருந்தது.

அவளுக்குத்தான் வழிவிட்டிருக்கிறார்கள் என்று கியோனோ நினைத்தாள். தலையைக் குனிந்து வணங்கிவிட்டு நேரே போய் அங்கே நின்றாள்.

பேச்சுச் சத்தம் பட்டென்று நின்றது.

"அண்ணி..." என்றாள் மினோரி. ஷுன்சாகு அண்ணன், ஷுன்சாகு அண்ணன் என்று சதா அவரோடு வம்பளந்த சிற்பிப் பெண். சாவு வீட்டில் அழுது முகம் வீங்கிக் கிடந்தவள். "அங்க வேணாம், அண்ணி. இப்படி வந்துடுங்க."

"இருக்கட்டும்மா. எனக்கு இது போதும்."

கடைக்காரர் முனெஹிரோ கையில் இருந்த சூடான குப்பியை வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

முதலில் வாடைதான் வந்தது. கருகின இரும்பின் வாடை. அவருடைய சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அவள் மூக்கைச் சுளித்த வாடை.

அப்புறம் இடது பக்கம் சில்லிட்டது.

அவள் தோளில் ஒரு தோள் உரசியது. திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. காலி மரமும் ஒரு கிண்ணமும்தான். ஆனால் முழங்கை ஒன்று அவள் விலாவில் பதிந்து, மெதுவாக, மரியாதையாக, அவளை அந்த இடத்திலிருந்து வெளியே தள்ளியது.

காதோரம் மூச்சு பட்டது.

"மன்னிக்கணும். இங்க ஆள் வர்றாங்க."

அவர் குரல். பட்டறைப் புகையில் கரகரத்துப்போன அதே குரல். பயத்தைவிட அந்த மரியாதைதான் அவளைக் குத்தியது. வீட்டில் ஒருநாளும் அவளிடம் அப்படிப் பேசியவர் இல்லை. முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற பேச்சு அது.

"நான்தாங்க," என்றாள். "கியோனோ."

"என் சம்சாரம் வருவாங்க. கொஞ்சம் நகர்ந்துக்குங்க."

தள்ளின தள்ளில் அவள் மினோரியின் கைகளில் போய் விழுந்தாள். மினோரி அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் இதேதான், அண்ணி. அங்க யாரு நின்னாலும் சொல்றாரு. அண்ணன் போன மறுவாரத்துலேர்ந்து."

"பூசை முடிஞ்சா போயிடுவாருன்னு நெனச்சோம்," என்றார் முனெஹிரோ. "போகல. நாங்களும் பழகிட்டோம். திரும்பி நின்னுக்கறோம், அவ்வளவுதான்."

கத்தாயாமா என்ற கிழவர் மூலையில் நின்றிருந்தார். ஷுன்சாகுவோடு பட்டறையில் வேலை பார்த்தவர். கியோனோ அவரைப் பார்த்து, இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேவிட்டாள்.

"அன்னிக்கு என்ன சொன்னாரு? நான் வரமாட்டேன்னு சொன்னாரா?"

"ஒரு தடவ கூட சொல்லல, தங்கச்சி." கிழவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பொண்டாட்டி வரான்னு ஒரே அலட்டல். இந்தக் கடையில எவனும் இடம் பிடிச்சு வெக்கமாட்டான். இவன் கைய நீட்டிப் பிடிச்சு வெச்சிருந்தான். 'புது மாப்பிள்ளைக்கு வெக்கத்தப் பாரு'ன்னு நான்கூட ஓட்டினேன். கதவு திறக்கறப்பல்லாம் அந்தப் பக்கம் திரும்புவான். வருவா, வருவான்னு சொல்லிக்கிட்டேதான்... அப்படியே சாஞ்சுட்டான்."

கியோனோ கொஞ்ச நேரம் அழுதாள். நிம்மதியா துக்கமா என்று பிரிக்க முடியாத அழுகை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பினார் என்றால், அவர் காத்திருப்பது வாசலிலிருந்து கூப்பிடுகிறவளுக்கு; சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்பவள் யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? அவள் வந்தபோது அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கூட்டத்தில் நுழைந்துவிட்டாளே.

பையை மேடையில் வைத்துவிட்டு வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமை எப்படி வந்திருப்பாளோ அப்படியே கதவைத் திறந்து, வாசலில் நின்று, கடை முழுக்கக் கேட்கும்படிச் சொன்னாள்.

"என்னங்க! நேரமாயிடுச்சு, கோச்சுக்காதீங்க!"

அண்டா கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

காலி இடத்துக்கு இருபுறமும் நின்றவர்கள், யாரோ இடித்ததுபோல் இன்னும் ஓர் அடி விலகினார்கள்.

அவள் போய் நின்றாள். யாரும் தள்ளவில்லை. குளிர் இருந்த இடத்தில் ஒரு கதகதப்பு வந்து தோளோடு ஒட்டிக்கொண்டது. முனெஹிரோ குப்பியையும் இன்னொரு கிண்ணத்தையும் வைத்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தனக்குத் தானே ஊற்றிக்கொள்வது அங்கே வழக்கமில்லை. பக்கத்தில் நிற்பவர்தான் ஊற்ற வேண்டும்.

குப்பி எழுந்தது. சாய்ந்தது. அவள் கிண்ணத்தில் சாக்கே விளிம்பு வரை வந்து நின்றது.

மினோரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கியோனோ ஒரே மடக்கில் குடித்தாள். தொண்டையெல்லாம் எரிந்தது. அவள் அவருக்கு ஊற்றினாள். அந்தக் கிண்ணம் குறையவில்லை.

"தலைக்கு என்ன பண்ணின?" என்றது குரல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"சுருட்டிக்கிட்டேன். அதான் லேட்டு."

"நல்லாருக்கு."

இந்த ஒரு வார்த்தைக்காக முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது கதவு திறந்தது. கண்காட்சி பார்க்க வந்த வெளியூர்ப் பிள்ளைகள் இருவர், சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்கள்.

பக்கத்துத் தோள் கதவுப் பக்கம் திரும்பியது.

கதகதப்பு போய்விட்டது.

"மன்னிக்கணும்," என்றது குரல். "இங்க ஆள் வர்றாங்க."

ஐயோ என்று கூடக் கத்தத் தோன்றவில்லை அவளுக்கு. கதவு திறந்தால் போதும், அவருக்கு மறுபடி அந்த வெள்ளிக்கிழமைதான். அவள் இன்னும் வரவில்லை. யாரோ ஒரு பொம்பளை, மனைவிக்காகப் பிடித்துவைத்த இடத்தில் நிற்கிறாள்.

முனெஹிரோவுக்குப் புரிந்துவிட்டது. "இன்னிக்கு கடை இல்லப்பா, மன்னிச்சுக்குங்க," என்று அந்தப் பிள்ளைகளை அனுப்பினார். கடை மூடியதற்கு அடையாளமாக வாசல் துணியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தார். பொழுதே சாயவில்லை, வியாபாரமே அப்போதுதான் ஆரம்பம். கியோனோவிடம் சன்னமாகச் சொன்னார்: "இன்னொரு வாட்டி வெளிய போய் வாங்க, அண்ணி. அப்புறம் யாரும் திறக்கமாட்டோம்."

அப்படியே செய்தாள். நேரமாகிவிட்டது, கோபிக்காதீர்கள் என்றாள். மறுபடி அவர் தலைமுடியைப் பற்றிக் கேட்டார். மறுபடி நல்லாருக்கு என்றார். முதல் தடவை மாதிரியே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

யாரும் நகரவில்லை. கத்தாயாமாவுக்குக் கால் வலி, ஆனாலும் நின்றார். மினோரி தன் தட்டிலிருந்த முள்ளங்கியைச் சத்தமில்லாமல் கியோனோ பக்கம் தள்ளிவைத்தாள். கியோனோ பேசினாள். மகள் போன் பண்ணியது, குளியலறைக் குழாய் ஒழுகுவது, அவருடைய செருப்பை இன்னும் வாசலிலிருந்து எடுக்காதது. அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டார். வீட்டில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கொட்டுகிற அதே ம்.

"வீட்டுக்குப் போலாமாங்க?"

"இன்னும் ஒரு கிண்ணம் குடி."

குடித்தாள். மறுபடி கேட்டாள்.

"இன்னும் ஒரு கிண்ணம் குடி."

நாலைந்து முறை கேட்டுப் பார்த்தாள். பதில் மாறவே இல்லை. அவரால் அதற்கு மேல் வர முடியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு, காத்திருக்க ஆள் உண்டு. எப்போதாவது யாராவது அந்தக் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். அது வேறொருவர் கையாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

கிண்ணத்தைக் காலி செய்தாள். "இதோ வந்துடறேன்," என்று அவரிடம் பொய் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்து வெளியேறி, சாத்தினாள். அடுத்து அவர் யாரிடம் மன்னிப்புக் கேட்பார் என்பதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்ச்சுவர்ப் பூனைக்குக் கீழே நின்று, முகத்தை இரு கையாலும் மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்து கையை எடுத்தபோதுதான் பார்த்தாள்.

கதவுக் கண்ணாடியில் ஆவி தடிமனாகப் படிந்திருந்தது. அதற்கு அப்பால் கடைக்காரரும் மற்றவர்களும் மேடையோடு ஒட்டி நிற்கிற நிழல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கதவருகே ஒருவரும் இல்லை.

அந்த ஆவியில், ஒரு ஆள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் உள்ளேயிருந்து துடைபட்டது. தெருவை எட்டிப் பார்ப்பதற்காக.

கியோனோ அதற்கு நேர் எதிரே நின்றாள். இதோ இருக்கிறேன் என்று கையை உயர்த்தினாள்.

துடைத்த இடத்தில் மெல்ல ஆவி படிந்தது. மறுபடி துடைபட்டது.